இரண்டு கோடு தண்ணீர்

கடையின் ஷட்டரை இறக்கும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும். கேமராவின் ஷட்டரைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

மன்னார்குடியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால், கண் சொட்டு மருந்து அலமாரிக்கும் இன்சுலின் வைக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவே இரண்டடி மேசை ஒன்று. அதன் மேல் அம்பாலாவில் செய்த நுண்நோக்கி. தொழிலை நிறுத்திக்கொண்ட ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேசையோடு சேர்த்து விலை பேசி வாங்கியது. அதுவரை அது பார்த்ததெல்லாம் ரத்த அணுக்கள். சாயமேற்றிக் காயவைத்த ரத்த அணு எங்கும் ஓடிப்போகாது. குளத்துத் தண்ணீரில் இருப்பவை ஓடும் என்பதை நானும் அந்தக் கருவியும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டோம்.

ஆரம்பித்து வைத்தது மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. குட்டைத் தண்ணீரில் வாழும் ஒரு செல் உயிரான பாரமீசியத்தைச் செருப்பு வடிவில் வரைந்து, உள்ளே இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘சுருங்கும் நுண்குமிழ்’ என்று அம்புக்குறி இட்டிருந்தாள். “அப்பா, இது நிஜமாகவே நட்சத்திரம் மாதிரிதான் இருக்குமா?” என்று கேட்டாள். டி.பார்ம். படித்தபோது நானும் இதே படத்தைப் பார்த்து வரைந்தவன்தான், உயிரோடு பார்த்ததில்லை. “நாளைக்குக் காட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டேன். காட்டுவதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. நட்சத்திரத்துக்கு அவ்வளவு நாள்.

பாரமீசியம் பிடிப்பது கஷ்டமே இல்லை. எங்கள் பக்கத்தில் வைக்கோலுக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு பிடி வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் குட்டைத் தண்ணீர் நாலைந்து கரண்டி விட்டு, மூடாமல் நிழலில் வைத்தால் ஒரு வாரத்தில் தண்ணீரின் மேற்பரப்பில் பாலாடை போலப் படலம் கட்டும். அதற்கு அடியில் வெறுங்கண்ணுக்கே வெள்ளைத் தூசி நெளிவது தெரியும். மற்ற உயிர்கள் வேண்டுமென்றால் தெருக்கோடிக் குட்டையில் வெங்காயத் தாமரை ஒன்றைத் தூக்கி அதன் வேரை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பிழிவேன். ரோட்டிஃபர், சைக்ளாப்ஸ், வோர்டிசெல்லா எல்லாம் அந்தப் பழுப்புச் சாற்றில் இருக்கும். மேட்டூர் திறந்து பாமணி ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாட்களில் மட்டும் போகமாட்டேன். எல்லாம் சேறு; தெளிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

கஷ்டம் அதற்குப் பிறகு. முதல் இரவு மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு சொட்டு விட்டு, மேலே கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடிச் சில்லைப் போட்டு, 40 மடங்கு லென்ஸைத் திருப்பினேன். “ஏதோ போயிற்று” என்றாள். “இன்னொன்று போயிற்று.” அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் தூக்கம் வந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கண்ணருகு லென்ஸின் விளிம்பில் 18 என்று பொறித்திருக்கிறது. அந்த லென்ஸ் காட்டும் வட்டத்தின் அகலம் அது, மில்லிமீட்டரில். 18 மில்லிமீட்டரை 40-ஆல் வகுத்தால் 0.45. அதாவது 40 மடங்கு பொருளருகு லென்ஸில் எனக்குத் தெரியும் உலகம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பாரமீசியம் ஒரு நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீந்தும். ஒரு கரையில் நுழைந்து மறுகரையில் மறைய அரை நொடிகூட வேண்டாம். படம் எடுப்பது இன்னும் மோசம். செல்பேசி கேமரா தன் போக்கில் 1/60 நொடிக்கு ஷட்டரைத் திறந்தால், அதற்குள் அது 17 மைக்ரான் நகர்ந்திருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதன் உடலைச் சுற்றியிருக்கும், துடுப்புபோல அடித்து நீந்த உதவும் குற்றிழையின் நீளமே 10 மைக்ரான்தான். இழை எங்கே தெரியும்? சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் கிடைக்கும். என்னிடம் அப்படி நூற்றுக்கணக்கான தீற்றல்கள் இருக்கின்றன.

ஓடுகிறவனை மெதுவாக்க வேண்டும். மருந்துக் கடைக்காரனுக்கு முதலில் கண்ணில் படுவது என்ன? கிளிசரின். கொழகொழப்பானது, கண்ணாடிபோலத் தெளிவானது, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. சொட்டில் பாதிக்குப் பாதி கலந்தேன். எல்லாம் நின்றன. மகிழ்ச்சியோடு லென்ஸை நெருக்கினால், உப்பில் போட்ட நெல்லிக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தன. கெட்டியான கிளிசரின் உடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பது எனக்குத் தெரியாத செய்தியா? மலச்சிக்கலுக்குக் கிளிசரின் குச்சியை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன், அது வேலை செய்வதே அப்படித்தானே. தேனும் சர்க்கரைப் பாகும் இதே கதை. அவற்றை நான் முயலவில்லை. ஒருமுறை கொன்றது போதும்.

அடுத்தது கண் வறட்சிக்குப் போடும் சொட்டு மருந்து. அதில் இருப்பது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், அரை சதவீதம். நல்ல யோசனைதான், ஆனால் மெல்லியது. கண்ணில் வழிய வேண்டிய மருந்து எப்படிக் கெட்டியாக இருக்கும்? சொட்டுக்குச் சொட்டு கலந்தாலும் பாரமீசியம் சட்டை செய்யவில்லை. நான் எடுத்த இரண்டாவது குப்பியில் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தும் இருந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் பாரமீசியத்தைத் தாலாட்டுமா? ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டன.

அதன் பிறகு சில வாரங்கள் சமையலறையில் கழிந்தன. பழைய மேல்நாட்டு ஆய்வுக்கூட முறைகளில் குயின்ஸ் என்ற பழத்தின் விதையை ஊறவைத்து வரும் கூழைப் பயன்படுத்துவார்கள். அந்தப் பழம் நம் ஊரில் கிடையாது. ஊறவைத்தால் கொழகொழக்கும் பொருளுக்கா நம் வீட்டில் பஞ்சம்? சப்ஜா விதையில் தொடங்கினேன். தவளை முட்டை மாதிரி அழகாக உப்பியது. கூழ் விதையை விட்டுப் பிரிந்தால்தானே! வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து பிழிந்து ஒரு தேக்கரண்டி தேற்றினேன். அதில் கறுப்புத் தோல் துணுக்குகள். வெண்டைக்காயை நறுக்கி ஊறவைத்த நீர் உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. வேகம் பாதியாகக் குறைந்தது. ஆனால் காய்ச் சதையின் பச்சைத் துகள்கள் படத்தில் பாறாங்கல் மாதிரி மிதந்தன. “குழம்புக்கு வாங்கி வைத்தேனா, உங்கள் குட்டைக்கு வாங்கி வைத்தேனா?” என்று மனைவி கேட்டதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. சோற்றுக் கஞ்சியில் மாவுத் துகள் மூட்டம். கற்றாழையில் நார். கருவேலம் பிசின் தெளிவாகக் கரைந்தது. ஆனால் கெட்டியாகும் அளவுக்குக் கரைத்தால் கிளிசரினைப் போலவே உடலைச் சுருக்கியது.

இருப்பதில் தேறியது இசப்கோல். கடையில் தினமும் இரண்டு டப்பாவாவது விற்கும் அதே உமி. கால் தேக்கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மேலாக நிற்கும் கூழைத் துணியில் வடித்தால் ஓரளவு தெளிந்த திரவம் கிடைக்கும். வீட்டில் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், கையில் வேறு எதுவும் இல்லை என்றால் இதைத்தான் சொல்வேன். படத்துக்கு ஆகாது. கூழ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத் திட்டாக இருக்கும். ஒளி அதில் நெளியும், கோடைக்காலத் தார்ச்சாலையின் மேல் காற்று நெளிவது போல.

உலகம் முழுதும் பயன்படுத்துவது மெத்தில் செல்லுலோஸ். மாத்திரை செய்கிறவர்கள் வாங்கும் வெள்ளைத் தூள். பொட்டலத்தில் 4000 என்று ஓர் எண் போட்டிருந்தது. இரண்டு சதவீதக் கரைசலாக்கினால், 20 டிகிரி வெப்பநிலையில் அதன் பாகுநிலை, அதாவது வழியவிடாத கெட்டித்தன்மை, 4000 சென்டிபாய்ஸ் இருக்கும் என்று பொருள். அதே வெப்பநிலையில் தண்ணீருக்கு ஒன்று. நாலாயிரம் மடங்கு! நான் செய்த முதல் தவறு, தூளைப் பச்சைத் தண்ணீரில் கொட்டியது. ரவை உப்புமா கட்டி தட்டுவது போலத் தட்டியது. உள்ளே உலர்ந்த தூள், வெளியே வழவழப்பு, இரண்டு நாள் கலக்கியும் கரையவில்லை. கேழ்வரகுக் கூழுக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதிநீரில் ஊற்றுவோம் அல்லவா? இது தலைகீழ். தூள் சூடான நீரில் கரையாது, பரவும். குளிர்ந்த நீரில்தான் கரையும். ஆகவே 50 மில்லி தண்ணீரை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி, 2 கிராம் தூளைத் தூவிக் கலக்கி, தூள் முழுக்க நனைந்த பிறகு பனிக்கட்டிபோலக் குளிர்ந்த 50 மில்லியைச் சேர்த்து, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். காலையில் நுரையெல்லாம் அடங்கி, தேன் மாதிரி மெதுவாக வழியும் தெளிந்த பாகு கிடைக்கும். அந்தக் காலைப்பொழுது எனக்குத் தீபாவளி.

இந்தப் பாகு ஏன் அவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியலர் எட்வர்ட் பர்செல் 1976-இல் ஆற்றிய ஓர் உரையில், இந்தச் சிற்றுயிர்களின் நீச்சலை வெல்லப்பாகு நிறைந்த குளத்தில் மனிதன் நீந்துவதோடு ஒப்பிட்டார். அவ்வளவு சிறிய உடலுக்குச் சாதாரணத் தண்ணீரே பாகுதான். நாம் துடுப்பை நிறுத்தினாலும் படகு கொஞ்ச தூரம் போகும். பாரமீசியம் குற்றிழையை நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும். சறுக்கிக்கொண்டு போவது என்பதே அங்கே கிடையாது. ஏற்கெனவே பாகில் நீந்துகிறவனுக்குப் பாகைக் கொஞ்சம் கெட்டியாக்கினால், அந்த அளவுக்கு வேகம் உடனே குறைந்துவிடும்.

பாகைச் சொட்டோடு குச்சியால் கலக்கக் கூடாது. கண்ணாடித் தகட்டில் பாகால் ஒரு சிறு வட்டம் வரைந்து, நடுவில் குளத்துச் சொட்டை விட்டு, கவர் ஸ்லிப்பை மெல்லச் சாய்த்து இறக்க வேண்டும். நடுவில் தண்ணீர், ஓரத்தில் பாகு, இடையில் எல்லா அளவும். உயிர்கள் தாமே சுற்றித் திரிந்து ஓரத்துக்கு வந்து மாட்டிக்கொள்ளும். எந்த அளவு பொருத்தம் என்று நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. எங்கே மெதுவாகப் போகிறதோ அங்கே போய்ப் படம் எடுக்கலாம்.

மகளை மறுபடியும் ஸ்டூலில் உட்காரவைத்தேன். இந்த முறை “ஐயோ, அப்பா!” என்றாள். முழு உருவமும் தெரிந்தது. சுழன்று சுழன்று, சேற்றில் இறங்கிய எருமை மாதிரி நிதானமாகப் போயிற்று. அன்றைக்கு அவ்வளவே போதும் என்று இருந்தது. ஆனால் நட்சத்திரம் தெரியவில்லை. நானும் பல மாதம் அந்தப் பாகிலேயே ஊறிக் கிடந்தேன், படங்கள் ஏன் மங்கலாக இருக்கின்றன என்று புரியாமல்.

புரிந்தபோது வெட்கமாக இருந்தது. வேகம் பாதிச் சிக்கல்தான். 40 மடங்கு லென்ஸில் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். பாரமீசியத்தின் தடிமன் 50 மைக்ரானுக்குப் பக்கம். அது நீந்தும் சொட்டின் ஆழமோ 100 மைக்ரானுக்கு மேல். பாகு அதை மெதுவாக்கியது, ஆனால் மேலும் கீழும் போகாமல் தடுக்கவில்லை. உருண்டுகொண்டே போவதால் ஒரு நொடி முதுகு, ஒரு நொடி வயிறு. தடித்த பாகுக்குள் ஊடுருவி வரும் ஒளியும் தெளிவை இழக்கிறது. போதாக்குறைக்கு, பாகில் குற்றிழைகள் இயல்பாக அடிப்பதில்லை; கம்பளிப் போர்வைக்குள் கை வீசுகிறவன் மாதிரி திணறுகின்றன. இயற்கையைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திணறலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் பாகுப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பிள்ளைகளுக்குக் காட்டப் பாகு நல்லது. படத்துக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் வழி.

டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் 1674-இல் பக்கத்து ஊர் ஏரித் தண்ணீரில் இந்தச் சிற்றுயிர்களைக் கண்டவர். அவரும் என்னைப் போலக் கடைக்காரர்தான், துணிக்கடை. தண்ணீரை மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஏற்றிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஓடுகிறவனுக்கு மைதானம் கொடுக்காதே என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்க இவ்வளவு நாள்.

எவ்வளவு தண்ணீர்? கவர் ஸ்லிப் 22 மில்லிமீட்டருக்கு 22. பரப்பளவு 484 சதுர மில்லிமீட்டர். டிராப்பரில் விழும் ஒரு சொட்டு ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 மில்லி. அதை அந்தப் பரப்பில் பரப்பினால் தடிமன் 100 மைக்ரானைத் தாண்டுகிறது. பாரமீசியத்துக்கு அது இரண்டு மாடி வீடு. 0.02 மில்லி விட்டால் தடிமன் 41 மைக்ரான். அது நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லாத பரண். 0.01 விட்டால் 21 மைக்ரான். அங்கே அது அப்பளம்.

இவ்வளவு சிறிய அளவை அளக்க ஆய்வுக்கூடங்களில் விலையுயர்ந்த பிப்பெட் இருக்கும். என் கடையில் சிரிஞ்சு இருக்கிறது. முதலில் இன்சுலின் சிரிஞ்சை எடுத்தேன். 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் என்பது 0.025 மில்லி, கணக்குக்குப் பொருத்தம். ஆனால் அந்த ஊசியின் துவாரம் மயிரிழை. அதன் வழியாகப் போன ரோட்டிஃபர்களில் பாதி மறுபக்கம் முழுதாக வரவில்லை. பிறகு காசநோய்க்கான டியூபர்குலின் சோதனைக்கு வைத்திருக்கும் ஒரு மில்லி சிரிஞ்சுக்கு மாறினேன். அதில் ஒவ்வொரு கோடும் 0.01 மில்லி. ஊசியைக் கழற்றி, 18 எண் பருத்த ஊசியை மாட்டினால் உயிர்கள் தாராளமாக வரும். சொட்டு விழும் வரை காத்திருக்கக் கூடாது. ஊசி முனையைக் கண்ணாடியில் தொட்டு எடுக்க வேண்டும். பாரமீசியத்துக்கு இரண்டு கோடு. வெங்காயத் தாமரை வேரின் பெரிய ரோட்டிஃபருக்கு மூன்று அல்லது நான்கு. அதைவிடச் சிறிய பச்சை உயிரான யூக்ளினாவுக்கு ஒரு கோடு. கடைப் பையன் கண்ணில் படும்படி இந்தச் சிரிஞ்சுக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், தவறிப்போய் விற்றுவிடக் கூடாதே.

இரண்டு கோடு தண்ணீரில் கவர் ஸ்லிப் இறங்கியதும் பாரமீசியம் முதலில் திகைக்கும். பின்வாங்கும், திரும்பும், முட்டும். உருண்டு நீந்த முடியாததால் ஒரே தளத்தில் சறுக்கும். இன்னும் நிறுத்த வேண்டுமென்றால் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தின் முனையை ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். அவ்வளவு தண்ணீர் குறைந்ததும், மீதித் தண்ணீரின் இழுப்பே கண்ணாடியைக் கீழே இறக்கும். கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. கொஞ்சம் அதிகமாகிவிட்டால் முதலில் உடலைச் சுற்றிலும் ஊசி ஊசியாக மெல்லிய நூல்கள் பீறிட்டு நிற்கும். அது அபாய மணி. உடனே ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டால் சில சமயம் பிழைக்கும். விடாவிட்டால் உடல் ஒரு பக்கம் பிதுங்கி, உள்ளிருப்பதெல்லாம் மணல் மாதிரி வெளியே கொட்டும்.

ஒருநாள் சாப்பாடு கொண்டு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். “ஏண்டா, மருந்து விற்கிற கையால் செய்கிற வேலையா இது?” என்றார். பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து கவர் ஸ்லிப்புக்குக் கால் வைக்கப் பழகிக்கொண்டேன். பெட்ரோலியம் ஜெல்லியை ஒரு பழைய சிரிஞ்சில் நிரப்பி, கண்ணாடியின் நான்கு மூலையிலும் கடுகளவு வைத்துத் தண்ணீர் மேல் கவிழ்க்க வேண்டும். கால் தாங்கும், தானாக இறங்காது. குண்டூசியால் ஒவ்வொரு மூலையையும் மெல்ல அழுத்தினால் நமக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் இறங்கும். பாரமீசியம் அழுத்தம் தாங்காமல் நூல் விடும் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். நசுங்குவது முற்றாக நின்றது என்று சொல்லமாட்டேன், வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மற்ற வழிகளையும் விட்டுவைக்கவில்லை. கடைப் பஞ்சைப் பிரித்து நாலைந்து இழை போட்டால் சிறு சிறு அறைகள் உண்டாகும். உள்ளே மாட்டியது முட்டித் திரும்புவதைக் காணொளி எடுக்க அது அருமை, நிழற்படத்தில் குறுக்கே கயிறு. பாட்டிலைக் குளிரவைத்தால் எல்லாம் சோம்பும். ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் குளிர்ந்த கண்ணாடி உடனே வேர்த்துவிடும், துடைத்து முடிப்பதற்குள் சூடாகிவிடும். நிக்கல் உப்பு குற்றிழைகளை முடக்கும் என்பது உண்மை. புற்றுநோய் உண்டாக்கும் பொருளை இன்சுலினுக்குப் பக்கத்தில் வைக்க நான் தயாராக இல்லை.

கோலி சோடாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பாரமீசியத்துக்கு அல்ல, ரோட்டிஃபருக்கும் சைக்ளாப்ஸுக்கும். கரியமில வாயு அவற்றை மயக்கும். சைக்ளாப்ஸ் நெருக்கினாலும் நிற்காத ஜாதி. துள்ளித் துள்ளிப் படத்தையே உடைத்துவிடும். இனிப்பில்லாத சோடாவைத் திறந்து, பெரிய குமிழிகள் அடங்கிய பிறகு, கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு துளி. இரண்டு மூன்று நிமிடத்தில் கால்கள் ஓய்ந்து, குடல் மட்டும் மெல்ல நெளிவது தெரியும். ரோட்டிஃபருக்கு இது பாதி வெற்றிதான். கொஞ்சம் அதிகமானாலும் தலையில் இருக்கும் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முட்டை மாதிரி உட்கார்ந்துவிடும். சக்கரம் இல்லாத ரோட்டிஃபர், குடை மடக்கிய கோயில் யானை. மீதிச் சோடாவை நான் குடித்துவிடுவேன்.

சும்மா இருப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. வோர்டிசெல்லா தண்டு ஊன்றி நிற்கிறது. மேசையைத் தட்டினால் சுருள் வில் போலச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், பிறகு மெல்ல நிமிரும். எதையும் கலக்காமல், எதையும் நசுக்காமல், நாம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் தொடங்கியிருந்தால் பாதிப் பேர் கைவிட்டிருக்கமாட்டார்கள்.

கேமரா பற்றிச் சுருக்கமாக. 1/60-ஐ விட்டு 1/1000-க்குப் போனால் ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் ஓடுகிறவனும் ஒரே ஒரு மைக்ரான்தான் நகர்வான். அதற்கு வெளிச்சம் வேண்டும். என் நுண்நோக்கியின் எல்.இ.டி. விளக்கைப் பாதியாகக் குறைத்து வைத்து எடுத்தபோது படம் முழுக்கக் கருப்புப் பட்டைகள் விழுந்தன. கேமரா பழுதென்று நினைத்து ஒரு வாரம் வீண். விளக்கைக் குறைப்பது என்றால் உண்மையில் அதைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றுவது. வேகமான ஷட்டர் அந்த இருளையும் பிடித்துவிடுகிறது. முழு வெளிச்சத்தில் வைத்ததும் பட்டைகள் போயின. மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். மேசை அதிர்வது ஒரு காரணம். இரண்டு கோடு தண்ணீர் விசிறிக் காற்றில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பது பெரிய காரணம். சித்திரை மாதத்து இரவில், ஷட்டர் இறக்கிய கடைக்குள், விசிறி இல்லாமல் உட்கார்ந்து படம் எடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

அப்படி ஓர் இரவில்தான் அது கிடைத்தது. வைக்கோல் ஊறல், இரண்டு கோடு, நான்கு மூலையிலும் ஜெல்லிக் கால். மூன்றாவது மூலையை அழுத்தும்போது ஒரு பாரமீசியம் மெல்லத் தட்டையாகி நின்றது. குற்றிழைகள் ஓரமெங்கும் காற்றில் நெற்பயிர் அசைவது போல அலையலையாக அடித்துக்கொண்டிருந்தன, திணறல் இல்லாமல். முன்பக்கம் ஒரு சிறு வெளிர் புள்ளி. அதிலிருந்து மெல்லிய கால்வாய்கள் சுற்றிலும் கிளம்பி ஒவ்வொன்றாக உப்பின. நட்சத்திரம். கால்வாய்கள் நடுவில் கொட்ட, புள்ளி பெருத்து வட்டமாகி, சட்டென்று காணாமற்போயிற்று. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் இன்னொன்று. மறுபடியும் முன்பக்கம். உள்ளே புகும் தண்ணீரை அது இறைத்துக்கொண்டே இருக்கிறது, ஏற்றம் இறைப்பது போல. கடிகாரம் பார்த்து எண்ணினேன். முன்பக்கத்து நட்சத்திரம் ஏறக்குறைய பதினைந்து நொடிக்கு ஒருமுறை வந்து போயிற்று. 214 படங்கள் எடுத்தேன். மூன்று தேறின.

மணி பன்னிரண்டாகியிருந்தது. வீட்டுக்கு அழைத்தேன். மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படத்தை அனுப்பினேன். “அப்பா, நான் ஐந்து கால் போட்டேன். இதில் ஏழு இருக்கிறது” என்றாள்.

திரும்பி வந்து எண்ணிப் பார்த்தேன். ஏழுதான். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு துளி ஊறல் நீர் விட்டுத் தூக்கினேன். தட்டையாக இருந்தது மறுபடி உருண்டையாகி, ஒருமுறை திகைத்து, ஓடிவிட்டது. தகட்டைச் சாய்த்து எல்லாவற்றையும் பாட்டிலிலேயே கழுவிவிட்டேன்.